இடது கையில் அரை அங்குலம்

மார்ச் 4

அக்கா,

வாயெல்லாம் புண். அதனால்தான் எழுதுகிறேன். மருந்து செய்கிற வேலை இது. தண்ணீர் விழுங்க வேண்டுமென்றாலும் முதலில் வாயை மரத்துப்போகச் செய்கிற ஒரு திரவத்தைக் கொப்பளிக்க வேண்டும். பேச முடியாவிட்டால் போனில் தட்டி அனுப்பேன் என்று அவர் சொன்னார். தட்டினால் உடனே பதில் வரும். உடனே பதில் வந்தால் நமக்குள் உடனே சண்டை வரும். போன வாரம் வந்தது போதும். கடிதமென்றால் ஞாயிற்றுக்கிழமை அவர் ஆறு மணி நேரம் ரயிலில் வந்து வாங்கிப் போவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

மீதிப் பாதியை எழுதிவிடுகிறேன். என் கண்ணாடி மேஜையை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிட்டு அங்கே உன் தையல் மிஷினைப் போட்டிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் குட்டி வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் ஜன்னல் இருக்கிறது, மிஷின் இருக்கிறது, நீ இருக்கிறாய், உன் மடியில் அவள் இருக்கிறாள். நான் எங்கே என்று அவரிடம் கேட்டேன். "நீ ஆஸ்பத்திரியில இருக்கல்ல, அதனால பேப்பருக்கு வெளிய இருக்கேன்னு சொன்னா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அந்த பனியன். பத்து வருடமாக நான் கத்தியும் அவர் சட்டைக்குள் பனியன் போட்டதில்லை. இப்போது போட்டுக்கொண்டு வருகிறார். கேட்டால் அக்கா சொன்னாங்க என்கிறார். வயிறு எரிகிறது. மருந்தால் எரிவது வேறு, இது வேறு. இரண்டும் எனக்கு அடையாளம் தெரியும்.

உடம்பு விஷயம். உன்னிடம் அவர் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார் போல. இது நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை, வெகு சிலருக்கே வருவது. மற்றவர்களுக்குக் கழுத்திலும் அக்குளிலும் வீங்குமாம். எனக்குத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் போய்க் குடியேறியிருக்கிறது. அதனால்தான் முதலில் பார்த்த டாக்டர் வெறும் கொழுப்பு வீக்கம் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார். இரண்டு சுற்று கீமோ முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். எதிர்பார்த்ததில் பாதிதான் கரைந்திருக்கிறது.

இதில் மெதுவாகப் போகிற ரகமும் உண்டாம், அதற்கு மாத்திரையே போதும். வேகமாகப் போகிற ரகத்துக்கு, ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து வாங்கி ஏற்ற வேண்டும். என்னிடம் வெட்டியெடுத்த சதைத் துண்டைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதாம். அதனால் டாக்டரம்மா தினமும் ஒரே கேள்வி கேட்கிறார். "முதல் கட்டி எப்ப வந்துச்சு, எவ்வளவு வேகமா வளர்ந்துச்சு, நல்லா யோசிச்சு சொல்லுங்க." டிசம்பரில் வந்த காய்ச்சலுக்கு இரண்டு மாதம் முன்பு என்று சொல்லியிருக்கிறேன். உன் ரத்தம் எனக்குப் பொருந்துமா என்ற முடிவு இன்னும் வரவில்லை.

மேஜையைப் பழைய இடத்தில் போடு.

தங்கச்சி


மார்ச் 11

மகாராணிக்கு,

மேஜையைப் பழைய இடத்தில் போடப்போவதில்லை. வெளிச்சம் அங்கேதான் வருகிறது. நான் என் கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒரு ஜன்னல் அதற்குக் கூடாதா? உன் மேஜைமேல் தூசி படாமல் துணி போட்டு மூடியிருக்கிறேன். பவுடர் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

பனியன் விஷயத்தில் நான் ஒன்றும் வசியம் செய்யவில்லை. மாப்பிள்ளை நாளெல்லாம் லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறார், வேர்வையில் சட்டை கிழிகிறது, தைப்பது நான். அதனால் சொன்னேன். நீ சொன்னபோது கேட்காதவர் நான் சொல்லிக் கேட்கிறார் என்றால் அது பயம். உன்னிடம் அவருக்குப் பயம் கிடையாது. அதுவே உனக்குப் பெருமைதான், எனக்கில்லை.

எரிச்சல் உனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறாயா? காலையில் எழுந்தால் உன் பேச்சு. குட்டி பல் தேய்க்கும்போது அம்மா எப்படித் தேய்ப்பாள் என்று எனக்குச் சொல்லித்தருகிறாள். நீ வரவேற்பில் நிற்கும் அந்த ஹோட்டலிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை யாராவது வந்து, உன் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டுப் போகிறார்கள். சமையல்காரர் வந்தார், கதவு திறந்துவிடுகிறவர் வந்தார். மூன்று வருடம் முன்பு நான் இருபது நாள் காய்ச்சலில் கிடந்தேன். என் கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் கேட்டது, தைத்தாயிற்றா என்று.

இப்படி எழுதுவது தப்புதான். நீ கிடக்கிற கிடையில் இதையெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

டாக்டரம்மா கேட்ட கேள்வியைப் பற்றி ஒன்று எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயலாதே. குட்டி இரண்டு பல் விழுந்து சிரிக்கிறாள். பல்லை உனக்காக டப்பாவில் வைத்திருக்கிறோம்.

அக்கா


மார்ச் 14

இதை ஒட்டி அனுப்புகிறேன். மாப்பிள்ளை பிரிக்கமாட்டார், இருந்தாலும் பசை போட்டிருக்கிறேன்.

முதலில் டாக்டரம்மாவுக்கு. கூட இருக்கும் தாள் என் அளவு நோட்டிலிருந்து கிழித்தது. ஹோட்டலில் உனக்கு வருடத்துக்கு இரண்டு கோட்டுத் துணி கொடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் நான் அளந்து தைப்பேன். பன்னிரண்டு வருட அளவும் தேதியோடு இருக்கிறது. மேல்கைச் சுற்றளவை மட்டும் பார்க்கச் சொல். போன வருடம் மே மாதத்துக்கு முன்புவரை இரண்டு கையும் பத்தேகால். மே ஒன்பதாம் தேதி வலது பத்தேகால், இடது பத்தே முக்கால். நவம்பரில் வலது பத்தேகால், இடது பதினொன்றரை. உனக்குக் காய்ச்சல் வந்தது டிசம்பரில். அப்படியென்றால் கட்டி இரண்டு மாதக் கட்டி இல்லை. ஏழு மாதமாவது இருந்திருக்கிறது, கடைசியில் வேகம் எடுத்திருக்கிறது.

இனி உனக்கு.

தையல்காரர்கள் வலது கையை அளந்து இரண்டு கையையும் ஒரே அளவில் வெட்டுவார்கள். ஊருக்கெல்லாம் நானும் அப்படித்தான். உனக்கு மட்டும் இரண்டையும் தனித்தனியாக அளந்தேன். அக்காவுக்கு என்மேல் அவ்வளவு அக்கறை என்று நீ ஹோட்டலில் சொல்லிப் பெருமைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்கறை இல்லை. குறை தேடினேன். என் கடைக் கண்ணாடி முன்னால் யார் நின்றாலும் நான் தைத்த துணி தெரியும். நீ நின்றால் நீ மட்டும்தான் தெரிவாய். என் ஒரு தோள் இறக்கம், அதை மறைக்க எனக்கு நானே பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்கிறேன். உன் உடம்பில் ஏதாவது ஒன்று கோணலாக இருக்காதா என்று பன்னிரண்டு வருடம் டேப் பிடித்தேன்.

மே ஒன்பதாம் தேதி கிடைத்தது. அரை அங்குலம். தாளில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன் பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகாராணிக்கும் சதை போடுகிறது, அதுவும் ஒரு பக்கமாக, என்று நினைத்தேன். நவம்பரில் இன்னும் கூடியிருந்தது. கை பிடிக்கிறது என்று நீயே வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நானே உள்ளே துணி விட்டு இடது கையைத் தளர்த்தித் தைத்தேன். டேப் அழுத்தும்போது உள்ளே உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

மேயில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேயிலேயே டாக்டரிடம் போயிருப்பாய். இதைத்தான் அன்று எழுதி அடித்தேன்.


மார்ச் 23

டாக்டரம்மாவிடம் தாளைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். இவ்வளவு கச்சிதமாக யார் எழுதி வைத்தது என்று கேட்டார். என் அக்கா என்றேன். "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வேகமான ரகம்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாத்திரையில் காலம் கடத்த முடியாது, ஸ்டெம் செல் ஏற்ற வேண்டும். அன்றைக்கே இன்னொரு முடிவும் வந்தது. உன்னுடையது எனக்கு முழுப் பொருத்தம். கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அப்படி அமையுமாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெளியாள் யாராவது பொருந்துகிறார்களா என்று பட்டியலில் தேடச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம், அதுவரை உங்கள் உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார். போகட்டும். உன் கண் பட்டுத்தான் எனக்கு வந்தது என்று பைத்தியக்காரி மாதிரி சொல்லமாட்டேன். ஆனால் உன் கண் பார்த்தது, பார்த்துச் சிரித்தது. என் வீடும் ஜன்னலும் உன்னிடம் இருக்கின்றன. என் மகள் உன் மடியில் இருக்கிறாள். என் தோலுக்கு உள்ளேயும் நீயே வந்து உட்கார வேண்டுமா?

பதில் எழுதாதே.


மார்ச் 29

எழுதுவேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நீ வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். காரணம் கேட்டாராம், நீ சொல்லவில்லையாம். என்னைக் கேட்டார். நான் சொன்னேன், எல்லாவற்றையும், சிவப்புப் பென்சில் உட்பட. அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையையும் பனியனையும் கழற்றி மடித்து என் மிஷின்மேல் வைத்துவிட்டு, வெறும் உடம்போடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் பனியன் போடவில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

நீ திட்டு. ஒரு கடிதம் போதாது, பத்து எழுது. நீ வந்ததும் நான் இந்த வீட்டைவிட்டுப் போய்விடுகிறேன், குட்டியை நீ கூப்பிட்டால் ஒழியப் பார்க்க வரமாட்டேன். மேஜையைக்கூடப் பழைய இடத்தில் போட்டுவிட்டேன். மிஷின் இப்போது அடுப்படியில் இருக்கிறது. ஆனால் செல்லை வாங்கிக்கொள்.

பாவம் கழுவத்தான் நான் கொடுப்பதாக நினைக்கிறாய். இல்லை. உன்னைப் பார்த்து எனக்கு எட்டு வயதிலிருந்து எரிகிறது. நான் கடை வைத்தது அதனால். ஊரிலேயே நல்ல கோட்டு தைக்கக் கற்றுக்கொண்டது அதனால். நீ போய்விட்டால் நான் யாரைப் பார்த்து எரிவேன், யாருக்காக இரண்டு கையையும் அளப்பேன்? உனக்காக அழுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அழவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

நேற்று குட்டி புதிதாக ஒரு படம் வரைந்தாள். இந்தத் தடவை அதில் நான் இல்லை, நீயும் இல்லை. ஜன்னல் மட்டும் இருக்கிறது. வீட்டில் யாரும் யாருடனும் பேசாததை அவள் கவனிக்கிறாள். படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.


ஏப்ரல் 7

அக்கா,

அந்தப் படத்தை மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன். எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நடுவில் மூன்று நாள் காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. உடம்பு தன் ரத்த அணுக்களைத் தானே தின்ன ஆரம்பிக்கிறது, இந்த நோயில் அப்படி ஆவதுண்டு என்றார்கள். மருந்து ஏற்றி இறக்கிவிட்டார்கள். திரும்ப வந்தால் இறங்குமோ என்னவோ.

நீ ஒன்றைச் சொல்லிவிட்டாய். நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பசை போட்டிருக்கிறேன், நீ மட்டும் படி.

மே ஒன்பதாம் தேதி நீ சிவப்புப் பென்சிலை எடுத்தபோது நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வட்டம் போட்டதைப் பார்த்தேன், உன் உதட்டோரம் சிரித்ததையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கையைத் தடவினேன். பட்டாணி அளவு இருந்தது. அன்றைக்கே தெரியும் அக்கா.

ஏன் போகவில்லை தெரியுமா? டாக்டரிடம் போனால் வீட்டில் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் உனக்குத் தெரியும், உன் வட்டம் சரி என்று ஆகிவிடும். அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். வெயில் காலத்தில்கூட முழுக்கைச் சட்டை போட்டேன். நவம்பரில் நீ இடது கையைத் தளர்த்தித் தைத்திருந்தது போட்டவுடனே தெரிந்தது. கேட்டால் தோற்றுவிடுவேன் என்று கேட்கவில்லை. நீ பேசவில்லை, நான் கேட்கவில்லை. உன்னுடையது பொறாமை என்றால் என்னுடையது மட்டும் என்ன? உன்னைப் போல ஒரு ஊசி பிடிக்க எனக்கு வரவில்லை என்று நானும்தான் வயிறு எரிந்திருக்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு, கோட்டு எங்கே தைத்தது என்று கேட்பார்கள். உனக்கு அது தெரியாது, நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

டாக்டரம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் செல்லே போதும். மன்னிப்பு என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே, கோபம் அப்படியே இருக்கிறது. உயிரோடு இருந்து கோபப்படலாம் என்று பார்க்கிறேன்.

மிஷினை அடுப்படியிலிருந்து எடு. எண்ணெய்ப் பிசுக்கு படும்.

தங்கச்சி


மே 21, உனக்கு இரண்டு மாடி கீழே

மகாராணிக்கு,

நர்ஸ் இதைக் கிருமி போக ஏதோ விளக்கொளியில் காட்டித்தான் உன் அறைக்குள் கொண்டுவருவாளாம். ஆகவே கெட்ட வார்த்தை ஏதும் எழுதவில்லை.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். எலும்புக்குள் இருக்கிற செல்லை ரத்தத்துக்குக் கிளப்பிவிடுகிற ஊசி. இடுப்பெலும்பு விண்விண் என்று தெறித்தது. நீ இத்தனை மாதமாகப் படுகிறதில் இது கால்வாசிகூட இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் முனகினேன். இன்று நாலரை மணி நேரம் ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, மிஷினில் சுற்றி, மறு கையில் திருப்பி விட்டார்கள். இரண்டு கையையும் அசைக்க முடியாமல் கிடந்தேன். மூக்கு அரித்தது. பக்கத்தில் சொறிந்துவிட ஆளில்லை. உன் ஞாபகம்தான் வந்தது.

பிரித்தெடுத்த செல் இருந்த பையைக் காட்டினார்கள், இவ்வளவுதானா என்று கேட்டேன். செங்கல் தூளைக் கரைத்த மாதிரி ஒரு கை அளவு. அதுதான் இப்போது உன் அறைக்கு வருகிறது. உன் ரத்த வகையும் இனி என்னுடையதாகவே மாறிவிடுமாம். என் குணமும் சேர்ந்து வந்தால் என்னைக் குறை சொல்லாதே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். தலையில் ஒரு முடி இல்லை, கன்னம் ஒட்டிப்போய்விட்டது. அப்போதும் அந்த நர்ஸ் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எரிந்தது. எரிந்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

நூறு நாள் தாண்டிவிட்டது. நேற்று எடுத்த ஸ்கேனில் நோய் எங்கும் மினுங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முழுதாகப் போய்விட்டது என்று இப்போதே சொல்லமாட்டாராம். இரண்டு வருடம் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் திரும்ப ஏதாவது தட்டுகிறதா என்று மாதா மாதம் கையால் தடவி, டேப் வைத்து அளந்து எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

குட்டி போனில் ஒரே கேள்வி கேட்கிறாள். நான் வந்தால் நீ போய்விடுவாயா என்று. உடனே எனக்கு எரிந்தது. அம்மா எப்போது வருவாள் என்று கேட்காமல் நீ போவதைக் கேட்கிறாளே என்று. உன் ரத்தத்தின் வேலையாக இருக்கும். போகாதே. உன் கடையைத் திறந்துகொள், சாயங்காலம் இங்கே வா. மிஷினைத் திரும்ப ஜன்னலோரத்திலேயே போட்டுக்கொள். கண்ணாடி மேஜைக்கு இப்போது எனக்கு வேலையில்லை. முடி காதுக்கு மேலே ஒரு விரல்கடை வளர்ந்திருக்கிறது, அதைச் சீவ எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

ஹோட்டலில் ஜனவரியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். புதுத் துணி கொடுத்திருப்பதாக அவர் சொன்னார். அளவு இதோ. வலது மேல்கை ஒன்பதேகால். இடது எட்டே முக்கால். கட்டி கரைந்த இடத்தில் கொழுப்பும் கூடவே போய், தோல் உள்வாங்கி மூன்று இடத்தில் குழி விழுந்திருக்கிறது. அது திரும்ப நிரம்பாதாம். இப்போதும் அரை அங்குலம்தான், இந்தத் தடவை குறைவு. உள்ளே பஞ்சு வைத்து மறைக்கலாமா என்று யோசிப்பாய். வேண்டாம். கையின் அளவு எதுவோ அதற்கே வெட்டு.

இது நர்ஸ் அளந்தது. அவளுக்கு டேப் பிடிக்கத் தெரியவில்லை, தொளதொளவென்று பிடிக்கிறாள். செவ்வாய்க்கிழமை நீயே அளந்துவிடு, இரண்டு கையையும் தனித்தனியாக. சிவப்புப் பென்சிலையும் எடுத்து வை. எங்கேயாவது கூடியிருந்தால் முதலில் வாயைத் திறந்து சொல். சிரிப்பு வந்தால், சொல்லிவிட்டுச் சிரி.

உன் தங்கச்சி